செருப்பு அலமாரியில் ஒரு சர்வர்

லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் ஆசைப்பட்டுத் தேடுவதில்லை. நடுவழியில் மாட்டிக்கொண்டால்தான் அவர் ஞாபகமே வரும். நம்மாளுக்கு அதுதான் வசதி. உள்ளே நான்கு பேர், வெளியே அவர், அவர் கையில் சாவி. கதவு திறக்கும்வரை அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

"பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷத்துல திறந்துடுவேன்," என்று கதவிடுக்கில் வாயை வைத்து ஆரம்பிப்பார். "அதுவரைக்கும் ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க போட்டோ எல்லாம் எங்க இருக்கு? யாரோ ஒருத்தன் பெட்டிக்குள்ள. இப்ப நீங்க இருக்கீங்களே, அந்த மாதிரி. கதவை அவன் திறந்தாதான் உண்டு. கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடுங்க, காசில்லாம கிடைக்குது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல. சொந்தமா ஒரு சர்வர் வச்சுக்கங்க. பழைய லேப்டாப் ஒண்ணு போதும்."

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்ற ஒரு பல் டாக்டர், "போடறேன் சார், சத்தியமா போடறேன், முதல்ல திறங்க!" என்று அலறியிருக்கிறார். சொன்னபடி போட்டும்விட்டார். ஆனால் அன்றிலிருந்து படியில்தான் ஏறுகிறார்.

நம்மாளுடைய சொந்த சர்வர் அவர் வீட்டு வாசலை ஒட்டிய செருப்பு அலமாரியில் இருந்தது. ரௌட்டரும் ப்ளக்கும் அங்கேதான் என்பதால் வேறு வழியில்லை. திரை உடைந்த லேப்டாப், கீலுக்குப் பதில் டேப், கீழ்த்தட்டில் மழைக்காலச் செருப்புகள். அதன் முன்னால் அவர் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரர், மனுஷன் எப்போது பார்த்தாலும் ஒரு கால் செருப்பைத் தொலைத்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கேக் செய்பவர். ஒன்பது வருடமாகச் செய்த ஒவ்வொரு கேக்கையும் படமெடுத்து வைத்திருந்தார். வருகிறவர்கள் அந்த ஆல்பத்தைப் பார்த்துத்தான் டிசைன் சொல்வார்கள். அந்தப் படங்களை ஒரு கம்பெனியின் கிளவுடிலிருந்து இறக்கிச் செருப்பு அலமாரிக்குக் கொண்டுவர அவர் ஒரு வருடம் மனைவியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி, வச்சுக்கங்க உங்க சக்களத்திய. ஆனா ஒரே ஒரு படம் காணாம போனாலும் அவ வெளிய. அப்புறம் அழக்கூடாது."

"ஒண்ணு கூடப் போகாது. மூணு இடத்துல காப்பி. ஒண்ணு லேப்டாப்ல, ஒண்ணு பக்கத்துல இருக்கிற டிஸ்க்ல, ஒண்ணு உன் தம்பி வீட்டுல. இந்த வீடே இடிஞ்சாலும் படம் இருக்கும்."

"வீடு இடிஞ்சா படத்த வச்சு நான் என்ன பண்றது?" என்றார் அந்த அம்மாள்.

மனைவி போனில் எடுக்கிற ஒவ்வொரு படமும் தானாகவே சர்வருக்குப் போகும்படி செய்தார். மச்சினன் வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை ஒட்டிவைத்தார். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அது இங்கிருந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்ளும். மச்சினன் முகத்தைச் சுளித்ததால், புதுப் படங்கள் அவன் டிவியில் தானாக ஓடும்படி ஒரு வசதியையும் சேர்த்துக் கொடுத்தார். தினமும் காலையில் பல் துலக்கியபடியே ஆல்பத்தின் எண்ணிக்கையைச் சத்தமாகப் படிப்பது அவர் வழக்கமாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அது பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு.

லேப்டாப்பில் இடம் நிரம்பிவிட்டதால் அன்று புது டிஸ்க் வாங்கி வந்திருந்தார். லேப்டாப்பின் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்கான கட்டளையில் எடுக்கும் இடத்தை முதலிலும் போடும் இடத்தை அடுத்தும் எழுத வேண்டும். கடைசியில் ஒரு சொல் சேர்த்தால், எடுக்கும் இடத்தில் இல்லாததெல்லாம் போடும் இடத்திலிருந்தும் அழிந்துவிடும். அடிப்பதற்கு முன் ஒத்திகை பார்க்கவும் வழி உண்டு. ஒத்திகை பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள் என்று அவரே எத்தனையோ பேருக்குக் கதவிடுக்கு வழியாக உபதேசம் செய்திருக்கிறார்.

அன்று அவர் ஒத்திகை பார்க்கவில்லை. இடத்தையும் மாற்றி எழுதி, அந்தக் கடைசிச் சொல்லையும் சேர்த்துவிட்டார். என்டர் தட்டியதும் ஆறே நொடியில் வேலை முடிந்தது.

"அடேங்கப்பா, புது டிஸ்க்குன்னா புது டிஸ்க்குதான், என்னமா பறக்குது!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு காபி குடிக்கப் போனார். புத்தம்புதுக் காலி டிஸ்க்கைப் பழைய டிஸ்க்கின்மேல் அச்சு அசலாகப் பிரதி எடுத்திருந்தார். அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்று அடித்தது. மணிக்கொருமுறை பிரதி எடுக்கும் பக்கத்து டிஸ்க்கும் விசுவாசமாக அந்த வெறுமையைப் பிரதி எடுத்துக்கொண்டது.

"ஏங்க, ஆல்பம் திறக்க மாட்டேங்குது," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நாலு மணிக்குக் கல்யாண வீட்டுக்காரங்க டிசைன் பார்க்க வராங்க."

அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். லேப்டாப்பும் காலி, பக்கத்து டிஸ்க்கும் காலி. பையிலிருந்து 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்ற ஆபீஸ் பலகையை எடுத்துச் செருப்பு அலமாரியில் மாட்டிவிட்டு, புது டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இதோ வந்துடறேன்" என்று ஸ்கூட்டரை உதைத்தார். பன்னிரண்டு மணிக்குள் மச்சினன் வீட்டுப் பெட்டியை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் காலியாகிவிடும். போன் அடித்தால் மச்சினன் எடுக்கவில்லை.

இரண்டாவது சிக்னலில் நின்றபோதுதான், வீட்டிலேயே சர்வரின் வயரைப் பிடுங்கிவிட்டால் மச்சினன் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாதே என்பது உறைத்தது. நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டார். மனைவிக்குப் போன் செய்து பிடுங்கச் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து இன்னும் வேகமாகப் போனார்.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. செருப்பைக் கூடக் கழற்றாமல் டிவிக்குப் பின்னால் பாய்ந்தார். குட்டிப் பெட்டியில் விளக்கே எரியவில்லை. அதன் வயர் தனியாகச் சுருண்டு தூசி படிந்து கிடந்தது.

"மாமா, கோபப்படாதீங்க," என்று மச்சினன் கையைப் பிசைந்தான். "மூணு வாரத்துக்கு முன்னாடி நான்தான் பிடுங்கிட்டேன். டிவிய போட்டா கேக்கு, கேக்கு, கேக்கு. பிள்ளைங்க சாப்பாடே தொட மாட்டேங்குதுங்க. உங்ககிட்ட சொன்னா லெக்சர் குடுப்பீங்கன்னு..."

லிஃப்ட்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். மச்சினன் மிரண்டுபோனான்.

பெட்டி நின்றுபோனதைத் தெரிவிக்கத் தினமும் ஒரு மெயில் வரும்படி அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். வந்தும் இருந்தது. இருபத்தோரு மெயிலையும் அவருடைய சொந்த மெயில் சர்வரே குப்பை என்று முடிவுகட்டி ஒதுக்கிவைத்திருந்தது. சர்வருக்கும் அவர் பேச்சு அலுத்துவிட்டதோ என்னவோ.

பெட்டியை நெட் இல்லாமல் கிளப்பி, புது டிஸ்க்கைச் செருகி, கட்டளையை எழுதிவிட்டு மச்சினனைப் பக்கத்தில் நிற்கவைத்தார்.

"எங்கிருந்து எங்க போகுதுன்னு படி."

"உங்க பெட்டியிலேருந்து புது டிஸ்க்குக்கு."

"இன்னொரு தடவை படி."

"மாமா, எனக்குப் பசிக்குது."

இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் என்டரைத் தட்டினார். பெட்டியை மறுபடி நெட்டில் மாட்டிவிட்டு, இனி இதைத் தொட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டிவிட்டு, மூன்றேகாலுக்கு வீடு திரும்பினார். கடைசி மூன்று வாரப் படங்கள் மனைவியின் போனிலேயே இருந்தன. அவற்றையும் சேர்த்து ஆல்பத்தைத் திறந்துபார்த்தார். கேக்குகள் வரிசையாக வந்து நின்றன. எண்ணிக்கை பதினெட்டாயிரத்து நானூற்று ஐந்து.

ஒன்று குறைந்தது. இது அவருக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வேலை முடிந்தபின் கையில் ஒரு நட்டு மிஞ்சினால், அது எந்த இடத்து நட்டு என்று தெரியாமல் லிஃப்டை ஓடவிட்ட மனுஷன் இல்லை அவர். அலமாரியில் மாட்டிய பலகையைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஒரு படம் மட்டும் கிடைக்கல. சர்வர் குறிப்புல அது எடுத்த நேரம் மட்டும்தான் இருக்கு, போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு பத்து. உன் போன்லயும் இல்ல. நீ சொன்ன மாதிரியே பெட்டிய எடுத்துடறேன்."

அந்த அம்மாள் க்ரீம் பையைக் கீழே வைத்தார். "ரெண்டு பத்தா? நீங்க செருப்பு அலமாரியில சாஞ்சு, வாயப் பொளந்துகிட்டு, என் செருப்ப தலகாணியா வச்சுத் தூங்கினது. போன்ல இருந்தத நீங்கதானே பிடுங்கி அழிச்சீங்க?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அது சர்வருக்குப் போயிடுச்சுன்னு எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். அதனாலதான் அன்னிக்குச் சும்மா இருந்தேன். பத்திரமா இருக்கும்னு நம்பினேன்."

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. இத்தனை நாளாக அந்தப் பெட்டியை நம்புகிற ஒரே ஆள் தான்தான் என்று நினைத்திருந்தார். வாசலுக்குப் போய் லேப்டாப்பின் வயரில் கைவைக்கக் குனிந்தார்.

"அங்கேயே நில்லுங்க," என்றார் பின்னாலேயே வந்த மனைவி, போனை எடுத்தபடி. "நில்லுங்க இல்ல, படுங்க. அதே மாதிரி. வாய இன்னும் கொஞ்சம் திறங்க. செருப்பு கன்னத்துல படணும்."

அவர் அப்படிக் கிடந்த நேரத்தில்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் ஐந்து பேரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "செருப்ப இவர்மேலயே விடலாமா, இல்ல பக்கத்துல விடணுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவர்கள் டிசைன் பார்த்து முடிக்கும்வரை லிஃப்ட்காரர் தலைகாட்டவில்லை. போனபின் மனைவி வந்து கேட்டார்.

"மூணு இடத்துக்கும் போயிடுச்சா?"

"போயிருக்கும்."

"போயிருக்குமா, போயிடுச்சா? நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் காத்திருக்காம இப்பவே அனுப்பிக் காட்டுங்க."

அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் மச்சினனிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் பிள்ளைகள் வீறிட்டு அழுகிற சத்தம்.

"மாமா, டிவி முழுக்க உங்க வாய்! இத எப்படி நிறுத்துறது? பிடுங்கட்டுமா?"

மனைவி போனை வாங்கினார். "பிடுங்காத. ஓடட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டு, குனிந்து தன் செருப்பை எடுத்துப் பெட்டிக்குக் கீழே இருந்த பழைய இடத்திலேயே வைத்தார்.