கழுவாத துணி

மச்சாள் காலமானபின் அவருடைய அலுமாரியை ஒதுக்கியபோது, கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை கிடைத்தது. உள்ளே தரை துடைக்கும் துணியில் பாதி. நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கரி. தலையணை உறையைக்கூட இரண்டு நாளுக்கு மேல் கழுவாமல் விடாத மனுசி, என் அண்ணனின் மனைவி, இந்த அழுக்கை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தார்.

கொலோன் நகருக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில், ரோமர் காலத்துப் பொதுக் குளிப்பிடம் ஒன்றின் மேல் கட்டிய அருங்காட்சியகத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. தகுதிகாண் காலம் முடிய இரண்டு கிழமை இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் வதிவிட அனுமதிக்குப் போட்ட அன்ராக், அந்த விண்ணப்பம், நகரும். அந்த நேரம் பார்த்து, நடைபாதையைத் துடைத்துக்கொண்டு போனவர், ஓரத்துச் செங்கல் தூணொன்று அடுப்படிபோலக் கறுத்திருப்பதைக் கண்டு அழுத்தித் துடைத்துவிட்டார். கரி கண்ட இடத்தில் அவர் கை சும்மா இருக்காது. தொடக்கூடாது என்ற பலகையைப் பிறகுதான் எழுத்துக்கூட்டி வாசித்தாராம்.

வீட்டுக்கு வந்து அழுதார். ஒருவரும் காணவில்லைத்தானே, துணியைக் கழுவிப்போட்டுப் பேசாமல் இருங்கோ என்றேன். எனக்கு அது கெட்டித்தனமாகப் பட்டது. அவரோ மறுநாள் துணியைப் பையில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு, பொறுப்பாளர் அம்மாவிடம் போய் நின்றார்.

நடந்ததை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், அந்த அம்மா எங்களைத் தூணடிக்குக் கூட்டிப்போய் விளக்கைப் பிடித்தார். முழங்கால் உயரத் தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே அனலை ஓடவிட்டு மேல்தளத்தைச் சூடாக்கியிருக்கிறார்கள். மச்சாள் துடைத்த இடத்தில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைச் சொருகிப் பூசிய ஒட்டு தெரிந்தது. ரோமின் ஆட்சி தளர்ந்து, படை போய், நகரம் சுருங்கிய காலத்து ஒட்டு அது என்றார். எஞ்சியவர்கள் இடிபாட்டிலிருந்து கல் பொறுக்கித் திருத்தி, திரும்பவும் நெருப்பு மூட்டிச் சுடுதண்ணீரில் குளித்திருக்கிறார்கள். ஒட்டின் மேல் படிந்த கரிதான் அதற்குச் சாட்சி.

மச்சாள் ஒன்றே ஒன்றுதான் கேட்கச் சொன்னார். "அப்ப எல்லாரும் ஊரை விட்டுப் போகேல்லையோ எண்டு கேளும்."

போகவில்லை என்றார் அந்த அம்மா. போர்க்காலச் செல்லடிக்குள்ளும் ஊரான மன்னாரை விட்டு வரமாட்டேன் என்று, கூரை போன வீட்டில் அடுப்பு மூட்டிய தாய் மச்சாளுக்கு இருந்தார். மச்சாள் தூணுக்கு முன்னால் சால்வையை முக்காடாக இழுத்துவிட்டு, தேவாலயப் பூசையில் நிற்பதுபோல நின்றார்.

அதன்பிறகுதான் அந்த அம்மா துணியைக் கழுவிவிட்டீர்களா என்று கேட்டார். மச்சாள் பையை நீட்டினார். ஆய்வுக்கென்று பாதியை வெட்டியெடுக்க, மீதியை மச்சாள் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலையும் போகவில்லை.

இப்போது அந்தப் பாதி என் மடியில் கிடக்கிறது. விரித்தபோது விரலில் மெல்லிய கறுப்பு ஒட்டியது. குளிப்பதற்காக யாரோ மூட்டிய நெருப்பு, ஆயிரத்தைந்நூறு வருடம் தாண்டி என் விரலில். அன்று மச்சாள் என் பேச்சைக் கேட்டிருந்தால், இதைச் சலவை இயந்திரத்தில் நாற்பது பாகைச் சூட்டில் நானே கழுவியிருப்பேன்.