ஒழுகும் பங்களாவில் விருந்தோம்பல்

வெயிலை நம்பி வந்தவர்களுக்கு மழையைப் பரிமாறுவதே என் உத்தியோகம். ஐப்பசி அடைமழையில் சம்பந்தி வீட்டாரை வைத்துக்கொண்டு, காய்கறியும் தீர்ந்து, பேச்சும் தீர்ந்து தவித்த அன்பர்கள் என்னைத் தம்மில் ஒருவனாகக் கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

எண்ணூரில் கழியைப் படகில் கடந்தால் ஒரு மணல் தீவு. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் உப்பள முதலாளியான செட்டியாரின் நாட்டு ஓடு வேய்ந்த பங்களா. பட்டணத்துக் குடும்பங்கள் கடற்காற்று வாங்க அங்கே வந்து தங்கும். அடியேனுக்கு மேற்பார்வை, அஞ்சலைக்குச் சமையல், கன்னியப்பனுக்குப் படகு. ஒரு மழைக்காலத்தில் வந்தவர்களெல்லாம் பாதியிலேயே மூட்டை கட்டவும் செட்டியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இனி ஒரே ஒரு குடும்பம் பாதியில் கிளம்பினாலும் பங்களா உப்புக் கிடங்காகிவிடும். கிடங்குக்குச் சமையற்காரி எதற்கு? பதிகம் பாடும் கிழவன் எதற்கு? படகோட்டி மட்டும் தப்பிப்பான். அவனுக்கோ அதுவும் சம்மதமில்லை. "உப்பு மூட்ட எங்கூட பேசுமா, சாமி?" என்றான்.

பாட்டின் மேல் பழி

விடியற்காலையில் நீராடி, நீறணிந்து, கடலை நோக்கி நின்று ஒரு பதிகமேனும் பாடாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. என் தொண்டைக்கு இயல்பாக அமைந்தது மேகராகக்குறிஞ்சி. மழை பொய்த்த ஊர்களில் கோயிலில் கூடி மழை வேண்டிப் பாடும் பண் அது. பஞ்ச காலத்துக்கு உரியதை அடைமழையில் பாடுகிறோமே என்ற எண்ணம் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இறைவனைப் பாடுவதற்குப் பருவம் ஏது?

செட்டியார் தீர்ப்புச் சொன்ன பின்பு முதலில் வந்தவர் புரசைவாக்கத்து வக்கீல் ஒருவர். மனைவி, மாமியார், மக்களோடு வந்தார். அவர் கரையேறிய நாழிகையில் பிடித்த மழை விடவேயில்லை. மறுநாட்காலை நான் கண்மூடிக் கசிந்து பாடிக்கொண்டிருந்தபோது, தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு கன்னியப்பன் எதிரில் வந்து நின்றான். அந்தப் பண்ணின் பயனை எந்தக் கோயில் வாசலில் கேட்டறிந்தானோ தெரியவில்லை. நான் கண் திறந்ததும் கைகூப்பிச் சொன்னான்: "நீ பாடிக்கினே கீற, அது ஊத்திக்கினே கீது. வள்ளூரு வரிக்கும் தண்ணி நிக்குது, சாமி. கொஞ்சம் வாயை மூடிக்கினு கும்பிடேன்!"

அண்டா வழக்கு

நான் மனத்துக்குள் பாடினேன். மழை வெளியே பெய்தது. கூடத்தின் ஓடுகள் பல இடங்களில் ஒழுகத் தொடங்கின. வக்கீல் பெட்டியைக் கட்டிவிட்டார். கழியில் வெள்ளம் சுழித்து ஓடியதால் அன்றைக்குப் படகு விட இயலாது. மறுநாள் வடிந்ததும் புறப்படுவதென்று முடிவு. அஞ்சலை அடுக்களையிலிருந்த பாத்திரங்களையெல்லாம் ஒழுகும் இடங்களில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி அழுதாள். அவள் கண்ணீரைக் காணப் பொறாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். எது முதலில் நிறைகிறதோ, அவருக்கு முதல் ஈட்டு மசால்வடை."

வக்கீல் பெரிய மனிதருக்குரிய தோரணையில் அண்டாவை எடுத்துக்கொண்டார். மாமியார் எடுத்தது சிறு செம்பு. செம்பு நிறைந்து, வடை மாமியாருக்குப் போயிற்று. உடனே வக்கீல் எழுந்து, யாரும் பார்க்காதபோது செம்பு ஒரு சாண் நகர்த்தப்பட்டிருக்கிறதென்று ஆட்சேபித்தார். அஞ்சலையைச் சாட்சியாக நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தார். "நீ பார்த்தாயா?" என்றார். "நான் வடையத்தான் பார்த்துக்கினு இருந்தேன்" என்றாள். மாமியார் அசையவில்லை. "அண்டாவை எடுத்தது ஆசை, மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி, அடுத்த வடையையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தூறல் ஓய்ந்தது, கழியும் வடிந்தது. கன்னியப்பன் படகைக் கட்டி வைத்துக் கூப்பிட்டான். வக்கீல் அண்டாவுக்கு அருகில் நாற்காலி போட்டு அமர்ந்தபடி சொன்னார்: "வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாதி எப்படி ஐயா ஊரை விட்டுப் போவான்? மழை வரும், காத்திருக்கிறேன்."

குடைக்குள் கடல்

அடுத்து வந்தவர் வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி கரீம் பாய். அவர் வந்ததே சமுத்திர ஸ்நானத்துக்கு. வந்த அன்றே தூறல். "நாளைக்குத் திரும்பிடலாம்" என்று அவர் முனகியது என் காதில் இடி போல் விழுந்தது. "கடல் எப்படியும் நனைந்துதானே இருக்கிறது, பாய்?" என்றேன். அவர் கடலை எட்டிப் பார்த்து, "குடை கீதா?" என்று கேட்டார்.

அன்பர்களே, பிறகு நிகழ்ந்ததை அப்படியே சொல்கிறேன். கரீம் பாய் கழுத்தளவு கடலில் நின்றார். அவர் தலைக்கு நான் குடை பிடித்தேன். வயோதிகனுக்குச் சளி பிடித்துவிடுமே என்று என் தலைக்குக் கன்னியப்பன் குடை பிடித்தான். அவனுக்குப் பிடிக்க ஆளில்லை. அலை வரும்போதெல்லாம் மூவரும் குடையோடு எழும்பிக் குடையோடு இறங்கினோம். நான் ஐந்தெழுத்தை ஓதினேன். அவர் அல்லாவை அழைத்தார். கன்னியப்பன் எங்கள் இருவரையும் ஏசினான். கரையேறியபோது பாய்க்கும் எனக்கும் உடம்பில் நனையாத இடம் உச்சந்தலை ஒன்றுதான். இதில் குடைக்கு என்ன வேலை என்று பணிவாகக் கேட்டேன். பாய் பூரிப்போடு சொன்னார்: "தலையில மழத்தண்ணி பட்டா ஜன்னின்னு ஹக்கீம் சொல்லிக்கீறாரு, பெரியவரே. கீழ கீற தண்ணியப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. நாளைக்கும் வருவோம்."

வானம் கைவிட்ட நாள்

இந்தச் செய்திகள் ராயபுரம் வரையில் பரவின. அங்கிருந்து ஒரு ரயில்வே குமாஸ்தா குடும்பத்தோடு வந்தார். பங்களாவின் கதியை நேரில் பார்த்து முடிவு செய்யச் செட்டியாரும் அன்றைக்கே வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பொழுது விடிந்தது. கார்த்திகை மாதம், ஆனால் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. சித்திரை வெயில் போல் காய்ந்தது.

குமாஸ்தாவின் மனைவி பித்தளைக் குடத்தை இடுப்பில் ஏந்தியபடி கூடத்தின் நடுவில் நின்று கூரையைப் பார்த்தாள். "இன்னாங்க இது? ஒழுவும்னு சொல்லித்தான கூட்டியாந்தீங்க? வெயிலு நம்ம வூட்லயே கீதே!" என்றாள். குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தம் பெட்டியைப் பார்த்தார். மழையால் போகவிருந்த பிழைப்பு மழையின்மையால் போகப் பார்த்தது.

நான் கடற்கரைக்கு ஓடினேன். மேகராகக்குறிஞ்சியை எடுத்துத் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினேன். வேண்டாதபோதெல்லாம் கொட்டிய வானம் ஒரு துளி உதிர்க்கவில்லை. கன்னியப்பனின் வசையை ஒரு புகழ்ச்சியாகவே இத்தனை நாளும் உள்ளுக்குள் நான் வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது விளங்கிற்று. அந்த அகந்தையை அறுக்கவே இறைவன் வானத்தைத் துடைத்து வைத்தான் போலும் என்று தலைகுனிந்து திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தால், பங்களாவின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது! ஏணியில் நின்று அஞ்சலை கழித் தண்ணீரைக் குடம் குடமாக ஏற்றிக் கொடுக்க, முகட்டில் உட்கார்ந்து கன்னியப்பன் ஓட்டின்மேல் ஊற்றினான். உள்ளே ஜன்னல்களைச் சாத்திவிட்டு, குடும்பம் முழுவதும் பாத்திரங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்தது. எவரையும் எவரும் ஏமாற்றவில்லை. குமாஸ்தாவின் மனைவி கூரையை நோக்கிக் கூவினாள்: "நைனா, அந்த மூலைல கொறச்சு ஊத்து! மாமியா ஜெயிக்கிறாங்க!"

தம் உப்புப் படகில் வந்திறங்கிய செட்டியார் வாசலில் நின்று இவ்வளவையும் பார்த்தார். சுட்டெரிக்கும் வெயிலில் ஒரு வீட்டின்மேல் மட்டும் பெய்யும் மழையையும், உள்ளேயிருந்து எழுந்த ஆரவாரத்தையும் கண்டு அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிற்பகலில் ஆட்டம் முடிந்து ஓடுகள் காய்ந்தன. கூரை முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. குமாஸ்தா இன்னும் சில நாள் தங்க அனுமதி கேட்டார். செட்டியார் எழுந்து தாழ்வாரத்து ஓட்டில் விரலைத் தேய்த்து நாவில் வைத்துச் சுவைத்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்: "உப்புக்குக் கிடங்கு வேணும்னு நெனச்சேன்; நீங்க கூரை மேலயே உப்பளம் போட்டுட்டீங்க. இப்படியே நடத்துங்க, பெரியவரே. யாராவது ஓட்டை மாத்தினீங்களோ, அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்!"

இன்றும் விடியற்காலையில் அதே பண்ணில்தான் பாடுகிறேன்: மழை வந்தால் அவன் அருள், வராவிட்டால் கன்னியப்பன்.