ராமுத்தாய் பெயருக்கு நான் சொன்ன பதில்

பெரியமுத்துக் கங்காணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள், அந்த வகையில் அவரைவிடப் பெரிய படிப்பாளி. ஆனால் முப்பத்திரண்டு பெண்களின் பெயரையும், யார் எந்த நிரையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்பதையும் அவர் தாளே இல்லாமல் மண்டைக்குள் வைத்திருந்தார். வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காலை ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று நிரை வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவள் “இருக்கேன்” என்பாள். பக்கத்தில் நிற்கும் பீல்டு ஆபீசர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கோடு போடுவார். கோடு விழாதவள் அன்று முழுக்கக் கொழுந்து பறித்தாலும் வேலைக்கு வராதவள்தான்.

ஒன்பது வயதில் தன் அப்பனோடு கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் நடந்தே ஏறி வந்தவர் அவர். புல் வெட்டினார், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், இருபத்தெட்டு வயதில் கங்காணி ஆனார். அவர் மனைவி ராமுத்தாய்க்கு எங்கள் கூட்டத்திலேயே பதினைந்தாம் நிரை. பிள்ளை இல்லை. அறுபத்தெட்டாம் வருடம் அவள் காய்ச்சலில் செத்தபோது மூன்று நாள்தான் வீட்டில் இருந்தாராம். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த நிரையை எனக்குக் கொடுத்தார். ஏன் எனக்கு என்று கேட்டதற்கு, வாய் ஓயாதவள் நடுவில் நின்றால்தான் இரண்டு பக்கமும் தூங்காது என்றார்.

எழுபத்து நாலு தை மாதம் அவர் தான் சாப்பிட்டு முடித்த தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, என் சோறு எங்கே என்று கேட்டார். பிறகு ஒருநாள் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் போய் அடுத்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். அவருக்கு நினைவு தப்புகிறது என்று பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆபீசுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். வைகாசியில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அதுவரை ஒழுங்காக நின்றால் சர்வீசுப் பணத்தோடு கம்பத்தில் தங்கச்சி ஊருக்குப் போகலாம். இடையில் சீட்டைக் கிழித்து அனுப்பினால் லயத்து வீடும் போகும், பணமும் போகும்.

மாசியில் புது பீல்டு ஆபீசர் இன்னாசிராஜ் வந்தார். எங்களில் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. அவர் வந்த முதல் நாளே, என் அம்மா சின்னத்தாயி பெயருக்கு அடுத்ததாக, என் பெயர் வர வேண்டிய இடத்தில், கங்காணி கூப்பிட்டார்:

“ராமுத்தாய்.”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. குரலைக் கிழவி மாதிரி இழுத்து, “இருக்கேன்” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். கங்காணி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. ஆபீசர் என்னைப் புது ஆள் என்று நினைத்து, செக்ரோலின் அடியில் ராமுத்தாய் என்று எழுதிக்கொண்டார்.

மறுநாளும் அதே பெயர்தான். பதில் வராவிட்டால் அவர் கூப்பிட்டுக்கொண்டே நிற்பாரே என்று பயந்து, சொந்தக் குரலிலேயே பதில் சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். சாந்தம்மாள் என்ற என் பெயருக்கு மூன்று நாளாகக் கோடு இல்லை.

நான்காம் நாள் ஆபீசர் பெயர் கூப்பிட விடவில்லை. செக்ரோலை விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரில் ஆபீசில் ஆளே கிடையாது என்றார். செத்தவர்களையும் ஓடிப்போனவர்களையும் ரோலில் ஏற்றிப் பேர் போட்டுக் கூலியைத் தின்ற கங்காணிகளை அவர் வேறு தோட்டத்தில் பார்த்திருக்கிறாராம். தோட்டத்துத் துரைக்கு ரிப்போர்ட் எழுதத் தாள் எடுத்தார்.

கங்காணிக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடக் கங்காணியைத் திருடன் என்று எழுதப் போகிறார்கள், என் வாயால். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே போனேன்.

“நான்தாங்க ராமுத்தாய். சாந்தம்மாங்கறது வீட்ல கூப்பிடுற பேரு. ரெண்டையும் எழுதிப்புட்டாக.”

அம்மா அதற்கும் ஆமாம் போட்டாள். ஜென்மத்தில் முதல் தடவையாக என் பொய்க்குத் துணை நின்றாள். ஆபீசர் எங்களை நம்பவில்லை. கங்காணியே முதலிலிருந்து கூப்பிடட்டும், எவளும் வாய் திறந்து எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றார்.

அவர் ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயராக வந்தது, ஒவ்வொரு “இருக்கேன்” ஆக விழுந்தது. பத்து. பன்னிரண்டு. சின்னத்தாயி என்றார், பதினான்கு. நின்றார். ராமுத்தாய் என்று சொல்லித் தொலையுமே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் என்னையே பார்த்தார், கண்ணைச் சுருக்கி.

“சாந்தம்மா.”

நாலு நாளில் அவர் என் பெயரைச் சரியாகச் சொன்ன நேரம் பார்த்தீர்களா. நான் அம்மாவைப் பார்த்தேன்.

“இவ பேரு ராமுத்தாய் இல்லையா?” என்றார் ஆபீசர்.

“இவ சாந்தம்மா, சின்னத்தாயி மக. ராமுத்தாய் என் பொஞ்சாதிங்க. அவ செத்து ஆறு வருசமாச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது போலிருந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நானா அவளைக் கூப்பிட்டேன்?”

யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. அவர் என்னிடம் வந்தார்.

“நீ ஏன்டி இருக்கேன்னு சொன்னே?”

ஆயிரம் பொய் தயாராக வைத்திருப்பவள் நான். “மொத நா விளையாட்டுக்கு, மாமா. அப்புறம் உங்க மூஞ்சிக்காக” என்றேன்.

இன்னாசிராஜ் ரிப்போர்ட்டுக்கு எடுத்த தாளை மடித்தார். அதைச் சட்டைப்பையில் போட்டார். செக்ரோலின் அடியில் எழுதிய பெயரை அடித்தார். என் பெயருக்கு நேரே மூன்று கோடு போட்டார். நாளையிலிருந்து பெயரைத் தானே படிப்பதாகவும், வைகாசி வரை கங்காணி நிரை காட்டினால் போதும் என்றும் சொன்னார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னார். கங்காணி சரி என்றார். முப்பது வருட வேலையில் பாதி அந்தச் சரியோடு போயிற்று.

கூடையை மாட்டிக்கொண்டு நாலாம் நம்பர் மலைக்குக் கிளம்பினோம். மூன்று பாதை பிரியும் இடத்தில் அவர் நின்றார். இத்தனை நாள் அந்த இடத்தில் பீடி பற்ற வைப்பதுபோல் பின்தங்கி, நாங்கள் திரும்பும் பக்கமாக வருவார். இன்றைக்கு எல்லோரும் கேட்கக் கேட்டார்:

“ஏ சாந்தம்மா, நாலாம் நம்பர் மலைக்கு எந்தப் பக்கம்?”

கையைப் பிடித்து இடப்பக்கம் காட்டினேன். அவர் முன்னால் நடந்தார்.