உப்பில்லாத நாற்பத்து நான்கு நாள்

என் பழைய நாட்குறிப்பின் அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. ஆண்டை ஊகித்து எழுத மனமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் என்பது மட்டும் நிச்சயம். செவ்வாய்க்கிழமை. தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருந்தது. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டுக்கு என் தங்கையின் கணவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர் கிள்ளான் ரயிலில் பயர்மேன். எஞ்சின் அடுப்புக்கு நாள் முழுதும் கரி அள்ளிப் போடும் வேலை. முந்தின ஆண்டு அவர்களுடைய பெண் குழந்தை காய்ச்சலில் கிடந்து, பிழைக்காது என்று ஆனபோது, பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். குழந்தை பிழைத்தது. நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாச் சோறு. முதல் நாளே என்னிடம் சொல்லிவைத்தார்: “என்ன ஆனாலும் உப்பு மட்டும் குடுத்துறாதீங்க மச்சான். புள்ளைக்காக நேர்ந்தது.” நான் சரி என்றேன்.

ஆங்கிலச் சுகாதாரப் புத்தகம் ஒன்றை அப்போது படித்துக்கொண்டிருந்தேன். வேர்வையில் போகும் தண்ணீரைக் குடித்து ஈடுசெய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. தை மாத வெயிலும் அடுப்பு வெக்கையுமாக இருந்ததால், அவரை நிறையக் குடிக்கச் சொல்லி நச்சரித்தேன். எத்தனை குவளை என்று கேட்டு எழுதியும் வைத்தேன். முந்தின நாள் பதினான்கு. அதற்கு நேரே ‘நன்று’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

“காவடி எடுக்கிற ஆளையே காவடியா தூக்கிட்டு வந்தோம்” என்றார் கூட வந்த எஞ்சின் டிரைவர், சிரிக்க முயன்றபடி. “கையும் காலும் இழுத்துக்கிச்சு. தண்ணி குடுங்கண்ணே, சரியாயிரும்.”

தொடைச் சதை கல்லைப் போல உருண்டு நின்றது. மடங்கிய விரல்கள் விரியவில்லை. இரண்டு குவளை தண்ணீர் கொடுத்தேன். வாந்தி எடுத்தார். மேலும் ஒன்று கொடுத்தேன். மூன்று மணிக்கு, தலையைப் பிடித்துக்கொண்டிருந்த என் தங்கையை உற்றுப் பார்த்து, “நீ யாரு?” என்றார்.

டிரைவர் ஓடிப்போய் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டு டிரஸரை அழைத்துவந்தார். மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். கண்ணிமையை விரித்துப் பார்த்தார்.

“உப்பில்லாமல் எத்தனை நாள்?”

“நாப்பத்து நாலு” என்றேன். குவளைக் கணக்கையும் காட்டினேன்.

“நல்ல வடிவாய் எழுதி வைச்சிருக்கிறியள். வேர்வையில உப்புப் போயிட்டுது. மிச்சத்தையும் வெறுந்தண்ணி ஊத்திக் கரைச்சுப்போட்டியள். இனி ஒரு சொட்டும் குடுக்க வேண்டாம்.”

டிரஸர் உப்புக் கரைத்த நீரைக் கரண்டியில் எடுத்து அவர் உதட்டில் வைத்தார். மனைவியை அடையாளம் தெரியாதவருக்கு உப்பு தெரிந்தது. துப்பிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் வலது கன்னம் துடிக்கத் தொடங்கியது.

இரத்தத்தில் உப்பு குறைந்தால் தண்ணீர் அங்கே நிற்பதில்லை. உப்பு செறிந்த இடம் தேடி, மெல்லிய சவ்வுகளைக் கடந்து உயிரணுக்களுக்குள் போய்விடுகிறது. மற்ற இடங்களில் வீக்கத்துக்கு இடம் உண்டு. மூளைக்கு, மண்டையோட்டுக்குள் இடமில்லை. சவ்வூடு பரவல் அழுத்தம் என்று இதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கன்னத்தின் துடிப்புதான்.

“ஆஸ்பத்திரி வண்டி வருமட்டும் பொறுக்கேலாது” என்றார் டிரஸர். “தொடையில ஊசி குத்தி உப்புத் தண்ணி ஏத்த வேணும்.”

“குடுக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“வாயில படாதுதானே. விரதத்துக்கு ஒண்டும் வராது.”

தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “அப்படிச் சொல்லி ஏமாத்த வேணாம் ஐயா. உப்புதானே அது. ஏத்துங்க, நான் சொல்லித்தான் ஏத்துறீங்க. அண்ணே, காலைப் பிடிங்க.”

பிடித்தேன். கண்ணாடிக் குடுவையிலிருந்து ரப்பர் குழாய் வழியாக உப்புநீர் இறங்கியது. தோலுக்கடியில் தொடை மெல்ல உப்பியது. மூன்று ஐம்பதுக்கு உடம்பு முழுதும் ஒருமுறை உதறியது. தங்கை குழந்தையின் முகத்தைத் தோளில் திருப்பிக்கொண்டாள். நான்கேகாலுக்குக் கன்னத் துடிப்பு நின்றது. நான்கே முக்காலுக்கு ஒரு விரல் விரிந்தது. ஐந்தரைக்கு, வண்டி வருவதற்குச் சற்று முன்பு, என் தங்கையின் பெயரைச் சொன்னார்.

பிறகு தொடையைத் தடவிப் பார்த்தார். “உப்பா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “ஆமா. நான்தான் ஏத்தச் சொன்னேன்.”

யாரையும் திட்டவில்லை.

“புள்ளையக் கொண்டா” என்றார்.

குழந்தையை அருகில் உட்கார வைத்தாள். அவர் கையை அதன் நெற்றியில் வைத்தார், கழுத்தில் வைத்தார், மறுபடியும் நெற்றிக்குக் கொண்டுபோனார். காய்ச்சல் சூடு இல்லை. வாசலில் வண்டி வந்து நின்றும், தூக்கிப்போக ஆட்கள் உள்ளே வந்தும், அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.