வக்கிரகாளியைத் திட்டிய வெள்ளிக்கிழமை

அம்மனை நம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் கைகூப்பிக் கண்ணீர்விட்டு வேண்டியதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திட்டினேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துக் கரையில், ஊரே பார்க்கத் திட்டினேன்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. திண்டிவனத்திலிருந்து மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளைக் கட்டிய சேகரும் அவர் தம்பியும் விடியலில் வலை எடுக்கப் போயிருந்தார்கள். திரும்பும்போது கரைக்கு எதிரிலேயே இன்ஜின் நின்றுவிட்டது. படகு கண்ணுக்குத் தெரிந்தது. காற்று அதை, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த தூண்டில் வளைவுக் கற்களை நோக்கித் தள்ளியது. நங்கூரம் மணலில் பிடிக்காமல் இழுபட்டது. உதவிக்கு இறங்கிய படகுகளை அலை திருப்பிக் கரையிலேயே எறிந்தது.

நான் மின்பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வேலையில் எதற்குப் பின் எது என்று தெரிந்தவன். முறைப்படி மீனவர் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் படகின் பதிவு எண் கேட்டார். உரிமையாளரின் பெயர், தகப்பனார் பெயர் கேட்டார். எல்லாம் சொன்னேன். உரிமையாளரே பேச வேண்டும் என்றார். உரிமையாளர்தான் ஐயா கடலில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் கரைக்கு வந்ததும் பேசச் சொல்லுங்கள் என்றார். நாற்பது வருடம் நானும் முறைகளைக் கட்டிக்கொண்டு அழுதவன்தான். அன்றைக்குத்தான் முறை என்னைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு சேகரிடமே போனில் பேசினேன். பெட்ரோல் வருகிறதா? வருகிறது. ஸ்டாப் ஸ்விட்சின் சிவப்புக் கிளிப் மாட்டியிருக்கிறதா? மாட்டியிருக்கிறது. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, துடைத்து, இன்ஜின் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். தீப்பொறி இல்லை. மாற்று ப்ளக்கிலும் இல்லை. கோளாறு மின்சாரத்தில் என்று தெரிந்துவிட்டது. பொறியை உண்டாக்கும் காயிலா, அதன் கீழிருக்கும் பெட்டியா? அளந்து பார்க்க மீட்டர் என் பையில் இருந்தது, இன்ஜின் கடலில் இருந்தது.

சம்பந்தியம்மா மணலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"ரெண்டும் அதுலதான் இருக்குதுங்கண்ணே" என்றார். அவருக்குப் பிள்ளைகளே இரண்டு பேர்தான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வக்கிரகாளி குடியிருக்கும் திருவக்கரைத் திக்கைப் பார்த்துக் கத்தினேன். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து நின்னேனே, எதுக்கு? வேடிக்கை பாக்கவா உக்காந்திருக்க? உன் கழுத்துல கிடந்த எலுமிச்சை மாலையத்தானே வாங்கிவந்து அந்தப் புது இன்ஜினுக்குப் போட்டோம். அதுக்காவது..."

அங்கேயே வாய் நின்றுவிட்டது. மாலை. பூஜையன்று நான் அதை இன்ஜின் மூடியின்மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். காற்றில் அது அங்கேயே இருந்திருக்காது. போனை மறுபடி காதில் வைத்தேன்.

"மாப்பிள்ள, மாலைய எங்க கட்டியிருக்கீங்க?"

"இப்ப அதுவா மாமா பேச்சு?"

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

"கைப்பிடியில. காத்துல பறந்துகினே இருந்துது. கடல்ல வுழுந்தா ஆவாதுன்னு தம்பி கட்டுக்கம்பி போட்டு முறுக்கிட்டான்."

கைப்பிடியில்தான் ஸ்டாப் ஸ்விட்சின் ஒயர்கள் இரண்டும் ஓடுகின்றன. அவை ஒன்றையொன்று தொட்டால் போதும், யாரோ ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருப்பதாக இன்ஜின் எடுத்துக்கொள்ளும். பொறி வராது. வாரக்கணக்கில் இன்ஜின் அதிர அதிர, அந்தக் கம்பி ஒயரின் மேல்தோலைத் தின்றிருக்கிறது.

கம்பியை வெட்டி மாலையை எடுத்துவிட்டு, ஒயர்கள் மூடிக்குள் போகும் இடத்தில் இருக்கும் இணைப்பைப் பிடுங்கச் சொன்னேன்.

"அம்மன் மாலை மாமா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா..."

கல்லில் மோதிய நுரை படகின் மேல் விழுவது கரையிலிருந்தே தெரிந்தது.

"வெட்டுடா" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' போட்டே பேசிய மாப்பிள்ளையை.

வெட்டினார். தம்பி கயிற்றை இழுத்தார். ஒரு இருமல். மறுபடி இழுத்தார். போனில் இன்ஜின் பிடித்த சத்தம் கேட்டதும் சம்பந்தியம்மா மணலோடு குப்புற விழுந்து கும்பிட்டார். ஸ்விட்ச் இனி வேலை செய்யாது, கரைக்கு வந்ததும் சோக்கை இழுத்து நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.

"சாரு படிச்சவரு, கண்டுபுடிச்சிட்டாரு" என்றார்கள் ஊரில். அதற்கும் கோபம்தான் வந்தது. என் படிப்பு அந்த ஸ்விட்சைப் பார்த்தாயிற்று என்று எப்போதோ ஒதுக்கிவிட்டது. மாலையை என் வாயில் கொண்டுவந்து வைத்தது என் படிப்பு இல்லை. திட்டும்போது தானாக ஞாபகம் வந்தது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கற்களுக்கு எதிரில் அவர்கள் நின்றதில்லை.

அம்மன் மாலையால்தானே கோளாறே வந்தது என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரையில் அதையே அம்மனிடம் கேட்டேன். இதுவரை பதில் இல்லை. ஆனால் நன்றி சொல்லத் தொடங்கியபோது என் குரல் உடைந்தது. பின்னால் நின்றவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முன்பெல்லாம் நான் அம்மனிடம் வேண்டியது மேலதிகாரிக்கு எழுதும் விண்ணப்பம் போல இருக்கும். பொருள், பார்வை, பணிவான வணக்கம். இப்போது நேராகப் பேசுகிறேன். பாதி நாள் சண்டைதான். உங்களுக்கும் அவள்மேல் கோபம் இருந்தால், அது ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே கொண்டுபோய் அவள் முன் கொட்டுங்கள். கேட்கிறாள்.

சம்பந்தியம்மா இனி இன்ஜினுக்கு மாலையே போடுவதில்லை என்றார். போடுங்கள் என்றேன். ஒயர் இல்லாத பக்கமாக, வெறும் நூலில் கட்டுங்கள். அறுந்து கடலில் விழுந்தால் விழட்டும். கடல் மட்டும் வேறு யாருடையதாம்?