டயருக்கு ஒரு கல்

என் காரின் டயருக்கு யாராவது கல் வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கொல்லிமலையில் கல் வைப்பது ஒரு மரியாதை. சரிவில் எந்த வண்டி நின்றாலும், டிரைவர் கேட்கிறாரோ இல்லையோ, பக்கத்தில் நிற்கிற ஆள் ஒரு கல்லை எடுத்து டயருக்கு அண்டக் கொடுத்துவிடுவார். லோடு லாரிக்கும் வைப்பார்கள், கல்யாண வேனுக்கும் வைப்பார்கள். ஆனால் மற்ற வண்டிகளுக்கு அவை நின்ற பிறகு வைப்பார்கள். என் வண்டியைக் கண்டால், நிற்பதற்கு முன்பே கல்லோடு ஓடி வருவார்கள்.

அதிலும் மலைமேல் பஸ் நிற்கிற சோளக்காடு ஊர் டீக்கடைக்காரர் எனக்கென்றே கடை வாசலில் ஒரு கல்லை ஒதுக்கி, அதற்குச் சுண்ணாம்பு வேறு அடித்து வைத்திருந்தார். "ஏனுங்க, அதுவா நிக்குங்களா, இல்ல நாங்க நிறுத்திக்கட்டுங்களா?" என்பார். மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பது கஷ்டம்தான். பழகிக்கொண்டேன்.

கார் என்னவோ ஜப்பான்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார். என் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. பட்டனை அழுத்தினால் முன் விளக்குகள் தவளைக் கண் போல மேலே எழும்பும். அதாவது ஒன்று எழும்பும், இன்னொன்று மனமிருந்தால் எழும்பும். ஒரு எஸ்டேட் ஷெட்டில் கோழிக்கு அடைகாக்க இடம் கொடுத்துக்கொண்டிருந்த வண்டியை, மிளகு நன்றாகக் காய்த்த வருஷத்தில் வாங்கி வந்தேன். எங்கள் வளப்பூர் நாட்டில் மிளகுக் கொடி வைத்திருக்கிறவன் வாங்க வேண்டியது ஜீப். அது எனக்கும் தெரியும். தெரிந்தே செய்தால்தானே அதற்குப் பெயர் ஆசை!

அந்த ஆசையில் மண் விழுந்தது ஒரு மத்தியான வேளையில். மாமியாரைப் பார்க்க நாமக்கல் போக, மனைவியோடு மலை இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை தாண்டியதும் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. "ஏனுங்க, என்னமோ தீயுது" என்றாள். "லாரிக்காரன் எவனாவது போயிருப்பான்" என்றேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தடங்கலே இல்லாமல் தரை வரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. உள்ளே பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கத்து மண்ணில் உரசி, ஒருவழியாக நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, வேறென்ன, கல் வைத்தார்.

என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "பிரேக் இருக்கற வண்டியிலதானுங்க இனி நான் வருவேன். நீங்க பொறுமையா வாங்க."

அதோடு சரி. எங்கே போனாலும் அவள் பஸ்ஸில், நான் பின்னால் காரில். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், அவளைத் தவிர. "அக்கா இங்க பத்திரமா இருக்காங்கண்ணா, நீங்க பாத்து வாங்க!" என்று கண்டக்டர் கத்துவார். காரில் அவள் சீட்டில் ஒரு பலாப்பழம் பெல்ட் போட்டுக்கொண்டு வரும். பலாப்பழத்தை உட்காரவைக்கவா இரண்டு சீட்டு வண்டி வாங்கினேன்? அந்த இடத்தில் அவள் மறுபடி உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பிரேக்கையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, ஊர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய நகரத்துக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு இளைஞன், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், "என்ன வண்டி சார்?" என்றான். சொன்னதும் எழுந்துவிட்டான். "சார், அந்த வண்டிக்கு சாதா பிரேக் போட்டா பாவம் சார்." கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு, காலையில் பனி, பக்கத்தில் மனைவி, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காதில் எழுபது வளைவு மட்டும் விழுந்தது. கண் மின்னியது. "அப்ப ரேஸ் பேட்தான் சார்!" என்றான்.

தட்டு அகலத்துக்கு டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கச் சிவப்பு பெயின்ட் அடித்த காலிப்பர், அதற்குள் உரசி நிறுத்துகிற ரேஸ் பேட். மாட்டிப் பார்த்தால் பழைய வீல் காலிப்பரில் இடித்தது. அதற்காகப் புது வீல். அடிவாரத்து மெக்கானிக் பட்டறையில் வேலை முடிந்ததும், வீல் சந்தில் சிவப்பு எட்டிப் பார்ப்பதை நான் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தேன். மத்தியான வெயிலில் அந்தச் சமவெளி ரோட்டில் மறுபடி மறுபடி பிரேக் அடித்துப் பார்த்தேன். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி நின்றது. அன்றைக்கு டீக்கடைக்காரரிடம், "அந்தக் கல்ல எடுத்து அம்மி கொத்திக்கங்க" என்று திமிராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் ஒரு காலை. மனைவி சம்மதித்தாள். "ஒரே ஒரு தடவதானுங்க." பலாப்பழம் இருந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். பனி இன்னும் கலையவில்லை. சோளக்காடு தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. முதல் வளைவு. மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். தடுப்புச் சுவருக்குப் பக்கத்துப் புல்லில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. எதிரே மொபெட்டில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்தவர், வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, நிதானமாக ஒரு கல் தேடி வைத்தார்.

அங்கேயே, பிரேக் விற்ற கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.

"அது சூடாகணும் சார்," என்றான், தூக்கக் கலக்கத்தோடு. "ரேஸ் பேட் பச்சையா பிடிக்காது. நாலஞ்சு தடவ நல்லா அடிச்சு சூடேத்திட்டு அப்புறம் ஓட்டணும். ரேஸ்ல முதல்ல ஒரு சுத்து சும்மா போவாங்கல்ல?"

"சும்மா போறதுக்கு இங்க ஏதுய்யா ரோடு? மொத வளைவே பள்ளத்துலதான் இருக்கு! பனின்னு சொன்னேனா இல்லையா?"

"நீங்க சூடேத்தறதப் பத்திக் கேக்கலையே சார்."

மனைவி போனைப் பிடுங்கினாள். "ஏனுங்க தம்பி, சூடாகோணும்னா நாங்க பிரேக்க அடுப்புல வெச்சுட்டுக் கெளம்போணுங்களா? உங்க ரேஸ்ல பொண்டாட்டியப் பக்கத்துல உக்கார வெச்சா ஓட்டறாங்க? மலைக்குன்னு கேட்டா மலைக்குக் குடுக்கோணும். நீங்க குடுத்தது உங்க ஆசைக்குங்க!"

அவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வரியில் அது திரிந்தது: "இவருக்குத்தான் புத்தியில்ல, செவப்பாக் கண்டா வாங்கிப் போடுவாரு. உங்களுக்குமா?"

பேட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "யூஸ் பண்ணின பேட் ரிட்டர்ன் இல்ல சார்."

"யூஸே ஆகலையே, அதுதானேடா பிரச்சனை!"

வைத்துவிட்டான். இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பிடும் சோறு கசக்கிறது. விற்பவனுக்கு வண்டி தெரிகிறது, வளைவு தெரிகிறது, உள்ளே உட்காருகிற ஆள் மட்டும் தெரிவதில்லை. வாங்குகிறவனுக்கோ சிவப்பைத் தவிர எதுவும் தெரிவதில்லை. அவனைத் திட்டுகிற ஒவ்வொரு தடவையும் பாதித் திட்டு வீட்டுக்கே திரும்பி வருவது இன்னும் எரிச்சல்.

அவள் பஸ்ஸில் போனாள். நான் முதல் கியரில் நத்தையாக இறங்கி, மெக்கானிக்கிடம் சாதாரண பேட் மாட்டச் சொன்னேன். பெரிய டிஸ்க்கும் புது ஆயிலும் இருக்க, சாதாரண பேட் போதுமென்று ஆனது. பனியிலும் பிடித்தது, மழையிலும் பிடித்தது, மலை முழுக்க இறங்கிய பிறகும் பெடல் அதே உயரத்தில் நின்றது. நான் மட்டும் தனியாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அதைத் தெரிந்துகொண்டேன். வீட்டில் தினமும் சொன்னேன். அவள் "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுக் கிழங்கு உரித்தாள்.

போன மாதம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. நான் வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்தினேன். அவள் வந்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் எதையோ தூக்கிக் காலடியில் வைத்தாள். வெள்ளை தெரிந்தது. சுண்ணாம்பு.

"இது டீக்கடைக் கல்லு இல்ல?"

"ஆமாங்க. அம்மி கொத்தறதுக்கு ஆகலைன்னு அந்தண்ணன் குடுத்துட்டாரு."

"ஏம்புள்ள, பிரேக்தான் சரியாயிடுச்சே!"

"சரியாயிடுச்சுங்க. நான் எங்க இல்லைன்னேன்?"

"இது உருண்டு வந்து என்ற பிரேக் பெடலுக்கு அடியில போச்சுன்னா?"

"அதுக்குத்தான் மிதிச்சுப் புடிச்சிருக்கறேன். பேசாம ஓட்டுங்க, அம்மா வழி பாத்துட்டு இருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் விளக்குப் பட்டனைக் குத்தினேன். இரண்டு விளக்கும் ஒன்றாக எழும்பின. சோளக்காட்டில் டீக்கடைக்காரர் வெறுங்கையோடு எழுந்து நின்று கும்பிட்டார். இறக்கம் ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக்கை மிதித்தேன். அதே நேரத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் கல்லை மிதித்தாள். வண்டி சொன்ன இடத்தில் சொன்னபடி வேகம் குறைந்தது. அடிவாரம் வந்ததும் காலைத் தளர்த்தி, "நல்லாத்தான் புடிக்குதுங்க" என்றாள்.

எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மாமியார் தேறிவிட்டார். கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அவளும் அங்கேதான் உட்காருகிறாள்.