பானு விடாத நம்பர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பானுவைத் தெரியாத டீக்கடை கிடையாது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களைத் தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு அலைவதுதான் அவள் வேலை. பொன்னேரி உதவி மையத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள். வாய் மட்டும் அவள் சொந்தம். "இன்னா சார், விடுதலைச் சான்றுல கையெழுத்து போட பேனா கெடைக்கலியா?" என்று அவள் கேட்டுவிட்டால் தூங்கும் ஃபைலும் எழுந்துகொள்ளும்.

அவளும் ஒரு சூளையிலிருந்து வந்தவள்தான். ஏழு வருஷத்துக்கு முன் அதிகாரிகள் வந்து மீட்டபோது, கூட இருந்திருக்க வேண்டிய தங்கை நந்தினி இல்லை. நல்ல வேலை என்று சொல்லி, நாலு நாளைக்கு முன்னால்தான் மேஸ்திரி அவளை வேனில் ஏற்றிப் போயிருந்தான். புகார் கொடுத்தாயிற்று, தேடாத இடமில்லை. பாழாய்ப்போன அந்த நாலு நாளை நினைத்தால் பானுவுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

நந்தினிக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அதனால் சூளையில் இருக்கும்போதே பானு தன் பட்டன் போனை அவள் கையில் கொடுத்து, நம்பரைத் தெருவாக்கிச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "மூணாவது வரிசைல வலது ஓரத்து ஊடு. பக்கத்து ஊடு. ஒரு படி ஏறி இடது ஓரத்து ஊடு. நடு ஊட்டுல ரெண்டு தட்டு..." இப்படிப் பத்துத் தட்டு. அக்கா தங்கை தவிர யாருக்கும் தெரியாத வழி அது. மையத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நம்பர் அச்சடித்த அட்டைதான்.

போன் மூன்று மாறிவிட்டது, சிம் மாறவில்லை. லோன் வேண்டுமா என்று கேட்பவனிடம்கூட முதல் "அலோ"வை நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் சொல்வாள். திட்டெல்லாம் அதற்கப்புறம்.

மையத்தை நடத்தும் ஷைனி வயதில் சின்னவள். "பானுக்கா, சூளைக்காரனுங்க அந்த நம்பருக்குத்தான் போட்டு மிரட்டுறானுங்க. ஆபீஸ் நம்பருக்கு மாறிடுங்க. ஏழு வருஷம் ஆச்சுக்கா" என்றாள். பானு சண்டை போட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், கடைசியில் அலுத்துப்போய், "திங்கக்கெழம சிம்மைக் குடுத்துடறேன்" என்றாள். சொன்ன வாயை நொந்துகொண்டே திரிந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"பானுவாம்மா?" மூச்சு வாங்கிய ஒரு பெண் குரல். "எம் பேரு மணியம்மா. ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாப்பாண்ட கீறேன். ஆந்திரா பக்கம் இறால் கொட்டாய்ல அடைச்சு வெச்சிருந்தாங்க. ஓடியாந்துட்டேன். இந்தப் பூக்காரம்மா போன் குடுத்துச்சு."

"நம்பரு யாரு குடுத்தா யக்கா? அட்டை வெச்சிகினு கீறியா?"

"அட்டை ஏது? மூணாவது வரிசைல வலது ஓரத்து ஊடு, பக்கத்து ஊடு, ஒரு படி ஏறி..."

பானு வரிசையை விட்டு வெளியே ஓடினாள்.

"நந்தினி எங்க? அவகிட்ட போனைக் குடு!"

"அவ இல்லியேம்மா. தீபாவளிக்கு முன்ன அவளை வேற எங்கியோ மாத்திட்டாங்க. எங்கன்னு தெரியல."

ஓவென்று கத்தத்தான் தோன்றியது. ஆனால் தப்பி வந்தவள் நடுரோட்டில் நிற்கிறாள், தேடி ஆள் வந்தாலும் வரும். "பூக்காரம்மாவாண்டயே குந்திகினு இரு யக்கா. யாரு கூப்ட்டாலும் போவாத. தோ வந்துனே கீறேன்."

பானு விஷயத்தைச் சொன்னதும் ஷைனி போலீசுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். ஆரம்பாக்கம் டீக்கடையில் மணியம்மா மூன்று பன்னைத் தின்று முடிக்கும் வரை பானு வாயைத் திறக்கவில்லை. அவளால் அப்படி இருக்க முடியும் என்று ஷைனிக்கே அன்றுதான் தெரிந்தது.

"வேலை முடிஞ்சதும் நந்தினி ஈர வெரலால சிமென்ட் தரையில போன் மாதிரி கட்டம் போடும்" என்றாள் மணியம்மா. "புதுசா யாரு வந்தாலும் சொல்லிக் குடுக்காம உடாது. தப்பா தட்டுனா தலையில குட்டும். ஏழு வருசமாச்சே, அந்த நம்பரு இருக்குமாடின்னு கேட்டேன். 'எங்கக்கா மாத்தாது'ன்னுச்சு."

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். பானுவின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. துடைக்கவில்லை.

"எத்தினி பேருக்கு யக்கா சொல்லிக் குடுத்திருக்கா?"

"எட்டு ஒம்போது பேரு இருக்கும்மா. எல்லாம் இன்னும் உள்ளதான் கீது."

பானு போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஷைனியிடம் திரும்பினாள்.

"வண்டில சார்ஜர் கீதா?"